ஈமாக்ஸ் மடல் நிரலில் படமும் ஒலியும்: எப்படிச் சேர்ப்பது?

#1 வடசேரிக்காரன்

வணக்கம். நம்மில் பத்துப் பன்னிரண்டு பேர் ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள்ளேயே மடல் படிக்கிறோம். அதற்காகச் சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய சின்ன நிரல்தான் இன்றும் ஓடுகிறது. பாப் முறையில் சர்வரிலிருந்து மடலை இழுத்து எம்பாக்ஸ் கோப்பில் (எல்லா மடலும் ஒரே கோப்பில்) போடும், பட்டியல் காட்டும், மடலை ஒரு பஃபரில் (ஈமாக்சின் எழுத்துப் பரப்பில்) திறக்கும், பதில் எழுத விடும். உடல் ஒரே துண்டாக வந்தால் குறியாக்கத்தை அவிழ்க்கும். பல துண்டாக வந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது, வந்ததை அப்படியே கொட்டிவிடும்.

போன ஞாயிறு தக்கலை டீச்சர் போன் செய்தார்கள். ஷார்ஜாவில் இருக்கும் அவர்களின் பழைய மாணவர் ஒருவர், தன் பிள்ளையின் படத்தையும் பிள்ளை பேசிய ஒலிப்பதிவையும் மடலில் அனுப்பியிருக்கிறார். டீச்சருக்குப் பார்வை கிடையாது, ஈமாக்சை வாசித்துக் காட்டும் ஈமாக்ஸ்பீக் வழியாகக் கேட்டுத்தான் படிக்கிறார்கள். மடலைத் திறந்ததும் இரண்டு வரித் தமிழ் கேட்டிருக்கிறது. அப்புறம் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு மழை. அது பேஸ்64 குவியல், படத்தையும் ஒலியையும் மடலில் அனுப்ப எழுத்தாக மாற்றியது. நிறுத்தும் வரை கணினி அதையே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. "பிள்ளை என்ன பேசினான் என்று கேட்கணும், ஒரு வழி பண்ணு மக்கா" என்றார்கள்.

ஆகவே மைம் ஆதரவை, அதாவது மடலில் படம், ஒலி என்று பல துண்டு வைக்கும் முறையைச் சேர்த்தே ஆக வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. துண்டுகளைப் பிரிக்கும் வேலையை நானே எழுதலாமா, ஈமாக்சில் இருக்கிற நூலகத்தை எடுக்கலாமா? படத்தை மடலுக்குள்ளேயே காட்டலாமா, பொத்தான் வைத்தால் போதுமா? அனுப்பும் பக்கம் என்ன செய்வது? இரண்டு வாரம் இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

#2 மார்த்தாண்டம் பெரியவர்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. நீ எழுதாதே.

1982-இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணைய விதி ஆவணத்தின்படி மடல் என்றால் வெறும் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும். படத்துக்கோ ஒலிக்கோ, நம் தமிழுக்கோ அதில் இடமில்லை. நத்தானியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் சேர்ந்துதான் மைம் கொண்டுவந்தார்கள். 1992 மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் அனுப்பிய சோதனை மடலில் நாலு பேர் பாட்டுக்குழுவின் படமும் அவர்கள் பாடிய ஒலியும் இருந்தன. டீச்சருக்கு வந்ததும் அதே இரண்டுதான், ஒரு படம், ஒரு ஒலி. அந்த வருடம் ஜூனில் ஆர்எஃப்சி 1341 வெளிவந்தது. இன்று நாம் பின்பற்றுவது 1996 நவம்பரில் வந்த 2045 முதல் 2049 வரையிலான ஐந்து ஆவணங்கள்.

அந்தக் காலத்தில் நான் வெளியூரில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்த்தேன். மெட்டாமெயில் என்ற போரன்ஸ்டைனின் நிரலை ஈமாக்சிலிருந்து கூப்பிடுவோம். மெயில்கேப் கோப்பில் எந்த வகைக்கு எந்த நிரல் என்று எழுதி வைத்தால் அது திறந்து காட்டும். வேலை நடந்தது, ஆனால் எடிட்டருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எடிட்டருக்கே தெரியாது. அந்தக் குறையால் நானே ஒரு பிரிப்பான் எழுதினேன். துண்டுகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு என்று ஹெட்டரில் (மடலின் தலைப்பகுதியில்) சொன்ன சரத்தை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் தேடி வெட்டுவது. ஒரு மடலுக்குள் இன்னொரு மடலை முழுதாக இணைத்து ஒருவர் அனுப்பினார். உள் மடலின் எல்லைக்கோடு வெளி மடலின் எல்லைக்கோட்டைப் போலவே தொடங்கி, கடைசியில் இரண்டு எழுத்து அதிகம். என் நிரல் நடுவில் வெட்டிப் பாதி மடலைத் தின்றுவிட்டது. அந்தப் பாதியில் இருந்த முகவரி எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஈமாக்சில் இந்த வேலையைப் பலர் பல வருடம் செய்து முடித்திருக்கிறார்கள். கைல் ஜோன்சின் விஎம் என்ற மடல் நிரல், மொரியோகா தொடங்கிய டிஎம்மும் அதிலிருந்து வளர்ந்த செமியும், பிறகு லார்ஸ் இங்கெப்ரிக்ட்சன் க்நூஸ் என்ற மடல், செய்திக்குழு நிரலுக்காக எழுதிச் சேர்த்த நூலகம். ஈமாக்சின் பழைய மடல் நிரல் ஆர்மெயிலே 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பில் பேபில் வடிவத்தை விட்டு எம்பாக்சுக்கு மாறி, மைம் படிக்கவும் கற்றுக்கொண்டது. க்நூஸ் நூலகம் ஈமாக்சோடு சேர்ந்தே வருகிறது. அதை எடுத்துக்கொள்.

#3 முட்டம் அலை

வடசேரி அண்ணே, பெரியவர் சொல்வதுதான் சரி. எம்எம்-டிசெக்ட்-பஃபர் என்று ஒரே ஒரு ஃபங்ஷன். மடல் இருக்கும் பஃபரில் அதைக் கூப்பிட்டால் துண்டுகளின் மரத்தைக் கையில் தந்துவிடும். மிக்ஸ்டு, ஆல்டர்னேட்டிவ், ரிலேட்டட் என்ற துண்டு வகை எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் காட்டுவது மடலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஈமாக்ஸ் 21 காலத்திலிருந்தே படம் காட்டுகிறது. 27-ஆம் பதிப்பிலிருந்து இமேஜ்மேஜிக் இல்லாமலே படத்தைச் சுருக்கவும் முடிகிறது. போன் கேமரா படம் நாலாயிரம் பிக்சல் அகலத்தில் வந்தாலும் ஜன்னல் அகலத்துக்குச் சுருக்கிக் காட்டலாம். பொத்தானை அழுத்தி, வெளி நிரல் திறந்து, மூடி, திரும்ப மடலுக்கு வருவது யாருக்கும் பிடிக்காது.

நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதிவிட்டேன், அறுபது வரிதான் வந்தது. படத் துண்டு வந்தால் இன்செர்ட்-இமேஜ், எழுத்துத் துண்டு வந்தால் குறியாக்கம் அவிழ்த்து எழுத்து, ஒலி வந்தால் ஒரு சின்ன ஸ்பீக்கர் படம், அதில் என்டர் அடித்தால் எம்பிவி என்ற இசைக்கும் நிரல் ஓடும். ஈமாக்சின் சொந்த ப்ளே-சவுண்டு டபிள்யூஏவி, ஏயூ இரண்டை மட்டுமே இசைக்கும். இன்று வருகிற குரல் பதிவெல்லாம் ஓப்பசோ ஏஏசியோதான், ஆகவே வெளி நிரல் கட்டாயம். இந்த மாற்றத்தை, அதாவது பேட்சை, நம் நிரலின் பொதுக் கிளையில் ஏற்றியிருக்கிறேன், எல்லாரும் ஓட்டிப் பாருங்கள்.

#4 தக்கலை டீச்சர்

முட்டம் மக்கா, உன் பேட்சை பேரன் உதவியோடு போட்டுப் பார்த்தேன். முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்தக் குப்பை மழை நின்றுவிட்டது. இரண்டு வரி வாழ்த்தும் தெளிவாகக் கேட்டது.

அதோடு மடல் முடிந்துவிட்டது.

படம் இருக்கிற வரிக்குப் போனால் "ஸ்பேஸ்" என்கிறது. அடுத்த வரியிலும் "ஸ்பேஸ்". அதில் ஒன்று படம், ஒன்று ஒலி என்று பேரன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் என்டர் அடித்தேன், பிள்ளையின் குரல் வந்தது. ஆனால் அதே சமயம் ஈமாக்ஸ்பீக்கின் குரலான ஈஸ்பீக்கும் என்னவோ பேசியது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நாலு தடவை போட்டுக் கேட்டேன். "டீச்சர் பாட்டி" என்று கூப்பிடுகிறான்.

பேரன் லீவு முடிந்து போய்விடுவான். அதற்குப் பிறகு நானே தனியாக இதைச் செய்ய வேண்டும். ஆகவே கேட்கிறேன். எனக்குப் படத்தைக் காட்ட வேண்டாம். இங்கே ஒரு படம் இருக்கிறது, இங்கே ஒரு குரல் இருக்கிறது, இத்தனை பெரிது, இன்ன பெயர் என்று எழுத்தில் இருந்தால் போதும். டி. வி. ராமன் ஈமாக்ஸ்பீக்கை எழுதி 1995-இல் வெளியிட்டார், அவருக்கும் பார்வை இல்லை. எழுத்தாக இருப்பது எதுவானாலும் அதில் கேட்கும். எழுத்தாக இல்லாதது இல்லாததுதான். நாற்பது வருடம் வகுப்பில் கரும்பலகை இல்லாமலே கணக்கு நடத்தியவள் நான், சொல்லித் தந்தால் எதுவும் புரியும்.

#5 முட்டம் அலை

டீச்சர், படித்ததும் ரொம்ப வருத்தமாகிவிட்டது. தப்பு என்னுடையது, அது எங்கே என்றும் தெரிந்துவிட்டது.

ஈமாக்சில் படம் என்பது தனியாக மிதக்கிற பொருள் கிடையாது. பஃபரில் இருக்கிற ஏதோ ஒரு எழுத்தின் மேல் டிஸ்ப்ளே என்ற பண்பை ஒட்டுகிறோம். திரையில் அந்த எழுத்துக்குப் பதிலாகப் படம் தெரியும், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். இன்செர்ட்-இமேஜுக்கு இரண்டாவதாக ஒரு சரம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் ஒற்றை இடைவெளியைத் தானே வைத்துக்கொள்ளும். நான் கொடுக்கவில்லை. நீங்கள் கேட்ட "ஸ்பேஸ்" அதுதான்.

ஆகவே பார்க்கிறவருக்குப் படம், கேட்கிறவருக்கு எழுத்து என்று இரண்டு முறை வைக்கத் தேவையே இல்லை. ஒரே இடத்தில் இரண்டும் இருக்க முடியும். அடியில் "படம், ஜேபெக், 240 கேபி, இன்ன பெயர்" என்று எழுதி, அதன் மேல் படத்தைப் போர்த்துகிறேன். ஒலிக்கு ஸ்பீக்கர் படத்தை எடுத்துவிட்டேன், வெறும் எழுத்துப் பொத்தான். எம்பிவி தொடங்குமுன் பேச்சை நிறுத்தும்படியும் செய்துவிட்டேன். ஒலியின் நீளம் ஹெட்டரில் வராது, அளவு மட்டும்தான் சொல்ல முடியும்.

#6 குலசேகரம் தோட்டம்

எல்லாரும் காட்டுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு மடல் வந்து சேருவதே பாடு.

எங்கள் தோட்டம் பேச்சிப்பாறை போகிற வழியில் மேட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் போனைத் தென்னை மரத்தில் கட்டி வைத்துத்தான் நெட் எடுக்கிறேன். 2017-இல் ஒக்கி அடித்த நவம்பர் 30-க்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் கொஞ்ச நேரம் கணினியை ஓட்டி மடல் இழுப்பேன். விழுந்த ரப்பர் மரங்களுக்கு நிவாரணம் கேட்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு நண்பர் நாலு வரி எழுதியிருந்தார். அதற்கு முன்னால் இன்னொருவர், புயல் படங்கள் ஐந்தை ஒரே மடலில் அனுப்பியிருந்தார். நம் நிரல் வரிசைப்படி ஒவ்வொன்றாக முழுசாக இழுக்கும். படமடல் பாதியில் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த நாலு வரி மூன்று நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது.

பேஸ்64-இல் மூன்று பைட்டுக்கு நாலு எழுத்து. 3 எம்பி படம் 4 எம்பிக்கு மேல் போகும். காட்டுவதற்கு முன், எதை இழுக்க வேண்டும் என்று கேட்கிற வசதியை வையுங்கள். படம் வேண்டாம் என்பவன் இல்லை நான். இலையுதிர் நோய் வந்தால் இலையைப் படமெடுத்து விவசாய அலுவலராக இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறவன்தான்.

#7 வடசேரிக்காரன்

குலசேகரம் அண்ணே, நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் யோசித்தே இருக்க மாட்டேன்.

பாப்பில் லிஸ்ட் என்ற கட்டளை ஒவ்வொரு மடலின் அளவையும் பைட் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடும். டாப் என்ற கட்டளை, சர்வர் ஆதரித்தால், ஹெட்டரையும் முதல் சில வரிகளையும் மட்டும் தரும். ஆகவே வரிசையை மாற்றுகிறேன். சின்ன மடல்கள் முதலில் வரும். நீங்கள் வைத்த வரம்புக்கு மேல் உள்ளவை ஹெட்டராக மட்டும் பட்டியலில் நிற்கும், பக்கத்தில் அளவு. வேண்டும் என்றால் ஒரு விசையில் முழுதாக இழுக்கலாம்.

இதைவிட நல்ல வழி ஐமேப், மடலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை. அதில் பாடிஸ்ட்ரக்சர் கேட்டால் மடலுக்குள் என்னென்ன துண்டு, எத்தனை பெரிது என்று மரமாகச் சொல்லும். எழுத்துத் துண்டை மட்டும் இழுத்துப் படித்துவிட்டு, படத்தைச் சர்வரிலேயே விட்டுவிடலாம். ஆனால் நம் நிரலின் அடித்தளமே மடல் முழுதாக வட்டில் இருக்கிறது என்பதுதான். அதை மாற்றுவது இரண்டு வாரத்தில் ஆகிற சோலி இல்லை. இப்போதைக்கு பாப் வரம்பு.

#8 செட்டிகுளம் அச்சகம்

நான் இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டிடிபி வேலை. தினமும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பு என்று இணைப்போடுதான் மடல் வரும். முட்டம் தம்பியின் பேட்சை இரண்டு நாள் ஓட்டினேன். மூன்று சிக்கல்.

முதலாவது, சேமித்த படங்கள் சில திறக்கவில்லை. அளவைப் பார்த்தால் அசலைவிடக் கூடுதல். எழுதும்போது ஈமாக்ஸ் அதை எழுத்தாக நினைத்துக் குறியாக்கம் மாற்றியிருக்கிறது. பைனரியாக எழுது என்று கட்டாயப்படுத்த வேண்டும். படிக்கிற பக்கமும் இதே கதைதான். எம்பாக்ஸ் கோப்பை ஈமாக்ஸ் திறக்கும்போதே யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைப் பைட்டாக்கும் முறை) என்று ஊகித்து அவிழ்த்துவிடுகிறது. பிறகு துண்டைப் பிரிக்கும்போது இன்னொரு தடவை அவிழ்க்கிறோம். பேஸ்64 ஆக்காமல் 8 பிட்டில் வந்த தமிழ் இரண்டு தடவை அவிழ்ந்து உடைகிறது, பேஸ்64-இல் வந்தது தப்பிக்கிறது. பஃபரை யூனிபைட்டாக, வந்த பைட் வந்தபடி வைத்துக்கொண்டு, துண்டு துண்டாகத்தான் அவிழ்க்க வேண்டும்.

இரண்டாவது, கோப்புப் பெயர். "அழைப்பிதழ்" என்று தமிழில் பெயர் வைத்து அனுப்புகிறார்கள். ஹெட்டரில் தமிழ் எழுத ஆர்எஃப்சி 2047 ஒரு முறை சொல்கிறது, கோப்புப் பெயர் போன்ற அளவுருவுக்கு 2231 வேறு முறை சொல்கிறது. பல மடல் நிரல்கள் 2231 வேண்டிய இடத்தில் 2047-ஐப் போட்டுவிடுகின்றன. விதிப்படி தப்புதான், ஆனால் வருகிறதே. இரண்டையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் என் ஃபோல்டர் முழுக்கக் கேள்விக்குறியும் சமக்குறியுமாக இருக்கும்.

மூன்றாவதுக்கு மருந்து கிடையாது. இன்னும் சிலர் யூனிகோட் அல்லாத பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டி அதையே மடலின் உடலில் ஒட்டுகிறார்கள். மடலைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்து. மைம் ஹெட்டரில் சார்செட் (எழுத்துத் தொகுதி) என்ன சொன்னாலும் உதவாது. அதற்குத் தனி மாற்றி வைத்திருக்கிறேன், தேவையானவர் கேளுங்கள்.

ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன், அவிழ்க்காத குவியலைப் பார்க்கிறவர்களுக்கு உதவும். யூனிகோட் தமிழ் எழுத்து எதில் தொடங்கினாலும் பேஸ்64-இல் முதல் மூன்று எழுத்து எப்போதும் 4, கே, 6 என்றுதான் இருக்கும். அதைக் கண்டால் உள்ளே தமிழ் இருக்கிறது, தூக்கிப் போடாதீர்கள்.

#9 மார்த்தாண்டம் பெரியவர்

அச்சகத் தம்பி சொன்ன யூனிபைட் விஷயம் தங்கம். அதை முதலில் செய்யுங்கள்.

அனுப்பும் பக்கம் இதுவரை யாரும் தொடவில்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். கோட்டட்-பிரிண்டபிள் என்ற இன்னொரு குறியாக்கத்தில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகும், ஆக ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. பேஸ்64-இல் நாலுதான். ஆங்கிலத்துக்குக் கோட்டட்-பிரிண்டபிள் நல்லது, அவிழ்க்காமலே கண்ணால் படிக்கலாம். தமிழுக்கு அந்த நன்மையும் இல்லை, அளவும் இரண்டு மடங்குக்கு மேல். நம் நிரல் தமிழை பேஸ்64-இல் அனுப்பட்டும்.

அப்படியே 8 பிட்டில் அனுப்பலாமே என்று முட்டம் கேட்பான். ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று மடல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியில் விதி. அது பைட் கணக்கு. தமிழில் 332 குறியோடு வரி தீர்ந்துவிடும். பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டுகிறவர்களுக்கு நாற்பது, ஐம்பது சொல்லிலேயே அது தாண்டிவிடும். வழியில் ஏதாவது சர்வர் வெட்டினால் எழுத்தின் நடுவிலேயே வெட்டும்.

அடுத்தது பாதுகாப்பு. முட்டம் தம்பி எல்லாவற்றையும் திறந்தவுடன் காட்டச் சொல்கிறான். 2017 செப்டம்பரில் ஈமாக்ஸ் 25.3 எதற்காக வந்தது என்று நினைவிருக்கிறதா? ஒரே ஒரு ஓட்டையை அடைக்க. டெக்ஸ்ட்/என்ரிச்டு என்ற மைம் வகையை அவிழ்க்கும்போது, மடலுக்குள் வந்த, ஈமாக்சின் மொழியான லிஸ்பில் எழுதிய நிரல் ஓடிவிட வாய்ப்பு இருந்தது. மடலைத் திறந்தாலே போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். அந்த ஓட்டை ரொம்ப வருடமாக அங்கேயே இருந்தது. ஆகவே தானாகக் காட்டுவது வெறும் எழுத்து, ஜேபெக், பிஎன்ஜி. அவ்வளவே. எச்டிஎம்எல் வந்தால் எழுத்தாக்கிக் காட்டு, ஆனால் வெளியிலிருந்து படத்தை இழுக்காதே. மற்றது எல்லாம் பொத்தான், ஆள் அழுத்தினால் மட்டும்.

#10 முட்டம் அலை

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. அந்த மூன்று வகைக்கு மேல் தானாக எதுவும் திறக்காது. அச்சக அண்ணன் சொன்ன பைனரி, யூனிபைட், 2231 மூன்றும் சேர்த்தாயிற்று.

இன்னொன்று நானே பிடித்தேன். ஒரு நாள் முழுக்க மடல் பார்த்த பிறகு ஈமாக்ஸ் 900 எம்பி தின்று நின்றது. பிரித்த ஒவ்வொரு துண்டுக்கும் க்நூஸ் நூலகம் மறைவாக ஒரு பஃபர் வைத்துக்கொள்கிறது. பெயர் இடைவெளியில் தொடங்குவதால் பஃபர் பட்டியலில் தெரியாது. மடலை மூடும்போது எம்எம்-டெஸ்ட்ராய்-பார்ட்ஸ் கூப்பிட்டால்தான் அவை போகும். நான் கூப்பிடவே இல்லை. இப்போது பஃபர் மூடும்போது தானாக ஓடும் கொக்கியில் மாட்டிவிட்டேன்.

#11 தக்கலை டீச்சர்

புது பேட்ச் போட்டேன். "படம், ஜேபெக், 240 கேபி, ஐஎம்ஜி 20" என்று தொடங்கிப் பதினாலு எண் வாசித்தது. முட்டம் மக்காவுக்கு நன்றி. படம் இருக்கிறது என்று தெரிகிறது.

படத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பெரியவரிடம் கேட்டேன், மைமிலேயே கன்டென்ட்-டிஸ்கிரிப்ஷன் என்று ஒரு ஹெட்டர் இருக்கிறதாம். ஒவ்வொரு துண்டோடும் அது என்ன என்று ஒரு வரி எழுதி அனுப்பலாமாம். முப்பது வருடமாக இருக்கிறதாம். எனக்கு வந்த ஒரு மடலிலும் நான் அதைக் கேட்டதில்லை. ஈமாக்சில் கோப்பை இணைக்கும்போது அந்த வரியைக் கேட்கத்தான் செய்கிறது, எல்லாரும் என்டர் தட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றும் சொன்னார்.

என் வேண்டுகோள் இதுதான். நம் நிரலில் படம் இணைத்தால், அந்த வரியை எழுதாமல் அனுப்ப விடாதீர்கள்.

#12 குலசேகரம் தோட்டம்

டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் கட்டாயம் என்றால் எனக்குச் சிரமம். காலையில் ரப்பர் வெட்டு முடித்து, பால் ஊற்றி, கையெல்லாம் பிசினோடு வந்து நாலு இலைப் படத்தை அனுப்புகிற நேரத்தில் நாலு விளக்கம் எழுத முடியாது. கட்டாயம் என்றால் ஆட்கள் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு அனுப்புவார்கள், அது இல்லாததைவிட மோசம்.

ஆனால் ஒன்று. அந்த வரி இருந்தால் எனக்கும் லாபம். பெரிய மடலை முழுதாக இழுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அது உதவும். ஐந்து படத்தில் எது என் தோட்டத்து வேலி, எது யாரோ வீட்டுக் கூரை என்று இழுக்காமலே தெரிந்தால் எவ்வளவு நல்லது.

#13 வடசேரிக்காரன்

இரண்டு பேர் சொல்வதையும் வைத்து இப்படிச் செய்திருக்கிறேன். படமோ ஒலியோ இணைத்தால் "இதில் என்ன இருக்கிறது?" என்று தமிழிலேயே கேட்கும். வெறும் என்டர் அடித்தால் ஒரே ஒரு தடவை மறுபடி கேட்கும். அதற்கும் என்டர் என்றால் விட்டுவிடும். பல படம் சேர்த்து இணைத்தால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வரி எழுதலாம். பெறுநர் முகவரிப் புத்தகத்தில் "கேட்டுப் படிப்பவர்" என்று குறித்திருந்தால் மட்டும் விடாது, எழுதியே ஆக வேண்டும். டீச்சருக்கு எழுதுகிறவர் யாரும் தப்ப முடியாது.

இரண்டு தடவை கேட்பது அதிகம் என்று அச்சக அண்ணன் போனில் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம்.

படிக்கும் பக்கம், அந்த வரி இருந்தால் அதுதான் முதலில் வரும், பெயரும் அளவும் பிறகு. சோதனைக்கு டீச்சருக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். தோவாளையில் இன்று காலை எடுத்தது.

#14 தக்கலை டீச்சர்

வந்தது. "படம்: தோவாளைப் பூச்சந" என்று வாசித்து நின்று, பிறகு ஏதோ ஒரு சத்தம், பிறகு "தை, கூடை நிறையப் பிச்சி, பின்னால் மலை" என்றது. சந்தை என்பது உடைந்துவிட்டது. ஆனால் பிச்சியும் மலையும் கிடைத்தன. மலை ஆரல்வாய்மொழிப் பக்கத்து மலைதானே? மழை விட்டிருந்ததா?

#15 செட்டிகுளம் அச்சகம்

வடசேரி, அது 2047 வெட்டு. ஹெட்டரில் குறியாக்கிய சொல் ஒவ்வொன்றும் 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யூடிஎஃப்-8, பேஸ்64 என்று சொல்லும் முன்பகுதியும் முடிவுக்குறியும் போக 60 எழுத்து மிஞ்சும், அதாவது 45 பைட். தமிழில் 15 குறி. "தோவாளைப் பூச்சந" வரை எண்ணிப் பார், நடு இடைவெளியோடு 43 பைட். அடுத்த குறி நுழையாது. ந-வின் புள்ளி அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. அது தப்பில்லை. அடுத்தடுத்த இரண்டு துண்டுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அவிழ்க்கும்போது நீக்கிவிட வேண்டும் என்பது விதி. நீ வரிவரியாக அவிழ்த்து நடுவில் இடைவெளி போட்டு ஒட்டுகிறாய் போலிருக்கிறது. பார்க்கிறவருக்குப் புள்ளி தனியாக வட்டத்தின் மேல் நிற்கும், டீச்சருக்கு அதுதான் அந்தச் சத்தம்.

#16 வடசேரிக்காரன்

அதேதான். விளக்க வரிக்கு மட்டும் நானாக ஒரு அவிழ்ப்பான் எழுதியிருந்தேன், பெரியவர் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியும். எடுத்துவிட்டேன், இப்போது நூலகத்தின் ஆர்எஃப்சி2047-டிகோட்-ஸ்ட்ரிங் ஃபங்ஷன் கையில் முழு ஹெட்டரையும் கொடுக்கிறேன். சந்தை சேர்ந்துவிட்டது. பொதுக் கிளையில் ஏற்றியாயிற்று, எல்லாரும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், ஆரல்வாய்மொழி மலைதான். மழை அப்போதுதான் விட்டிருந்தது, மலையின் பாதியை மேகம் மறைத்திருந்தது. அதையும் அந்த வரியில் எழுதியிருக்க வேண்டும். படத்தை இன்னொரு தடவை அனுப்புகிறேன்.